மதுரையிலிருந்து ஸ்பிட்டிக்கு, கின்னௌர் வழியாக

கேள்வி: நான் மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், வயது 51. கல்லூரிப் படிப்பை முடித்திருக்கும் மகளுடன் மே விடுமுறையில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போய்வர ஆசை. 20 நாட்கள் கிடைக்கும். இருவருக்கும் சேர்த்து 60,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். விசாரித்த இடத்தில் மணாலியிலிருந்து ஆறு நாள் ஜீப் பயணத்துக்கே ஆளுக்கு 28,000 ரூபாய் கேட்கிறார்கள், ரயில் கட்டணம் தனி. நாங்களாகவே பேருந்தில் போய்வர முடியுமா? எங்கே தங்குவது? எனக்கு லேசான ரத்த அழுத்தம் இருப்பதால் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அந்த உயரம் எனக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில்: தாராளமாகப் போய்வரலாம். ஜீப் பயணத்துக்குச் சொல்லப்படும் தொகையில் பெரும்பகுதி வண்டிக்கும் டீசலுக்கும் ஓட்டுநருக்கும் போகிறது. ஸ்பிட்டியில் சோறும் படுக்கையும் அவ்வளவு விலை உயர்ந்தவை அல்ல. வண்டியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மீதமுள்ள செலவு உங்கள் தொகைக்குள் அடங்கிவிடும். ஆனால், அரசுப் பேருந்தில் போவதென்றால் நாட்கள் அதிகம் வேண்டும். வேலைக்குப் போகும் பலருக்கு வாய்க்காத அந்த நாட்கள் உங்கள் கையில் இருக்கின்றன. ஆகவே ஸ்பிட்டிக்குத் தெற்கே உள்ள அண்டை மாவட்டமான கின்னௌர் வழியாக மெதுவாக ஏறி, சில ஊர்களில் மட்டும் அதிக இரவுகள் தங்குங்கள் என்பதே என் ஆலோசனை. செலவைக் குறைப்பதும் அதுதான், உங்கள் உடம்பைக் காப்பதும் அதுதான்.

லாஹௌல்-ஸ்பிட்டி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 13,800 சதுர கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் 31,564 பேர் மட்டுமே. அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு வழித்தடத்தில் நாளைக்கு ஒரு பேருந்து ஓடுவதே பெரிய காரியம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான ஸ்பிட்டிக்குள் நுழைய இரண்டு சாலைகள் உள்ளன. ஒன்று மணாலியிலிருந்து, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, கிராம்பூ, பாதல் வழியாகச் சுமார் 4,550 மீட்டர் உயரமுள்ள குன்ஸும் கணவாயில் ஏறி, லோசர் கிராமத்தின் பக்கம் இறங்கி, ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவை அடைவது. சுரங்கப்பாதை வந்த பிறகு ரோத்தாங் கணவாயைக் கடக்க வேண்டிய தேவை நீங்கியது, ஆனால் குன்ஸும் அப்படியேதான் இருக்கிறது. அங்கே பனியை அகற்றிச் சாலையைத் திறப்பது வழக்கமாக மே கடைசியிலோ ஜூனிலோதான் நடக்கும், அதுவும் அந்த ஆண்டின் பனிப்பொழிவைப் பொறுத்தது. மே மாதத்துக்கு மணாலி வழியைச் சொன்னவர்களிடம், கணவாய் திறக்காவிட்டால் என்ன ஏற்பாடு, பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

மற்றொன்று சிம்லாவிலிருந்து ராம்பூர், ரெக்காங் பியோ, நாக்கோ, சும்தோ, தாபோ வழியாகக் காசாவுக்குப் போகும் சாலை. சட்லஜ் ஆற்றையும், காப் என்ற இடத்தில் அதனுடன் கலக்கும் ஸ்பிட்டி ஆற்றையும் ஒட்டிச் செல்வதால், இதில் குன்ஸும் போன்ற பெரிய கணவாய் எதுவும் குறுக்கிடுவதில்லை. குளிர்காலத்திலும் பெரும்பாலான நாட்கள் திறந்தே இருக்கும். இந்தச் சாலைக்கு ஆபத்தான காலம் ஜூலையும் ஆகஸ்டும். 2021 ஆகஸ்டில் கின்னௌரின் நிகுல்சாரியில் மலை சரிந்து அரசுப் பேருந்து உள்ளிட்ட வண்டிகள் புதைந்து 28 பேர் இறந்தார்கள். மழைக்காலத்தில் இந்த வழியே போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன். உங்கள் விடுமுறை மே மாதத்தில் வருவது அந்த வகையில் நல்லதாகப் போயிற்று. சந்திரதால் ஏரி மட்டும் இம்முறை கிடைக்காது. அது குன்ஸும் கணவாய்க்கு அப்பால் இருக்கிறது.

உயரத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கும் விடை இந்தச் சாலையிலேயே இருக்கிறது. முதன்முறை நான் ஜூலையில் மணாலியிலிருந்து பங்கு ஜீப்பில் போனேன். ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் காலையில் எழுந்தவன், பிற்பகலில் 4,550 மீட்டரைக் கடந்து, இரவு 3,650 மீட்டருக்கு மேலே காசாவில் படுத்தேன். தலைவலியும் குமட்டலுமாக இரண்டு நாட்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அந்த இரண்டு நாட்களுக்கும் அறை வாடகை கொடுத்தேன், முன்பதிவு செய்திருந்த வண்டிக்குக் கொடுத்த பணமும் போயிற்று. அவசரமாகப் போனதால் மிச்சமானது எதுவுமில்லை. மலை மருத்துவத்தில் சொல்லப்படும் பொது விதி எளிமையானது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளில் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போய்வருகிறோம் என்பதைவிட இரவில் எங்கே தலை சாய்க்கிறோம் என்பதே முக்கியம். கின்னௌர் வழியில் ராம்பூர் சுமார் 1,000 மீட்டர், பியோ 2,290, அதற்கு மேலே உள்ள கல்பா 2,960, தாபோ 3,280, காசா 3,650, கிப்பர் 4,270 என்று ஊர்கள் படிக்கட்டுப் போல அமைந்திருக்கின்றன. இடையில் வரும் நாக்கோ கிராமம் அழகானதுதான் என்றாலும் அது 3,660 மீட்டரில் இருப்பதால், ஏறும்போது அங்கே இறங்காமல் தாண்டிப் போய்த் தாபோவில் தூங்குங்கள். நாக்கோவைத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து சண்டிகருக்கு வாரத்தில் இரண்டு நாள் நேரடி ரயில் இருக்கிறது. இரண்டு நாட்களுக்கும் மேற்பட்ட பயணம். சாதாரணப் படுக்கை வகுப்பில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் முடிந்துவிடும், மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பென்றால் அதைப் போல் இரண்டரை மடங்கு ஆகும். மே மாதத்தில் மத்திய இந்தியாவின் வெயிலை நினைத்துப் பார்த்தால், போகும்போது சாதாரண வகுப்பு, களைத்துத் திரும்பும்போது குளிர்சாதன வகுப்பு என்று பிரித்துக்கொள்வது நல்லது. சண்டிகரில் 43ஆம் பிரிவுப் பேருந்து நிலையத்திலிருந்து இமாச்சல் பேருந்துகள் கிளம்புகின்றன. பியோவுக்கு நேரடி இரவுப் பேருந்து கிடைக்கும், ஆனால் ரயிலில் வந்த களைப்போடு அந்த வளைவுகளில் இரவைக் கழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மே மாதத்தில் சிம்லா நிரம்பி வழியும், அறை வாடகையும் ஏறியிருக்கும். ஆகவே சிம்லாவில் வண்டி மாறி, ராம்பூர் வரை போய் அங்கே ஓர் இரவு தங்குங்கள். சட்லஜ் கரையில் உள்ள அந்தக் கடைத்தெரு ஊரில் சுற்றுலாக் கூட்டம் இருக்காது, எளிய விடுதிகள் இருக்கும். மறுநாள் நான்கைந்து மணி நேரத்தில் பியோ. உள்ளூரில் யாரும் ரெக்காங் பியோ என்று முழுதாகச் சொல்வதில்லை, பியோ என்றுதான் சொல்வார்கள். அன்று மேலே கல்பாவில் தங்கி, கின்னர் கைலாச மலைக்கு எதிரே ஒரு பகலைக் கழித்துவிட்டு, அடுத்த நாள் மாலை பியோவுக்கு இறங்கிவிடுங்கள். காசா பேருந்து அங்கிருந்து அதிகாலையில் கிளம்பிவிடும்.

அந்தப் பேருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் பயணத்தின் முதுகெலும்பே அதுதான். பியோவிலிருந்து காசாவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர், எடுக்கும் நேரம் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ. முதல் நாள் மாலையே பேருந்து நிலையத்தின் சீட்டு ஜன்னலில் புறப்படும் நேரத்தையும், இருக்கை முன்கூட்டியே தருவார்களா, காலையில்தான் தருவார்களா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையில்தான் என்றால் அரை மணி நேரம் முன்னதாக வரிசையில் நில்லுங்கள், தாமதித்தால் கடைசி வரிசைதான் கிடைக்கும், அங்கே குலுக்கல் அதிகம். ஊர்மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் அரிசி மூட்டைகளும் எரிவாயு உருளைகளும் ஏறி இறங்கும் வண்டி அது. நாக்கோவுக்கு அருகே மல்லிங் என்ற சரிவுப் பகுதியில் சில நாட்கள் சாலை அடைபட்டுவிடும். அப்போது பயணிகள் இறங்கிச் சரிவை நடந்து கடந்து, மறுபக்கத்தில் நிற்கும் வண்டியில் ஏற வேண்டியிருக்கும். அதற்காகத்தான் சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், தோளில் மாட்டும் பை ஒன்று போதும் என்கிறேன். உங்கள் பையை நீங்களே தூக்கிக்கொண்டு கல்லும் மண்ணும் கிடக்கும் இடத்தில் கால் கிலோமீட்டர் நடக்க முடிய வேண்டும், பையின் எடை அதற்குத் தக்கபடி இருக்கட்டும். சும்தோ சோதனைச் சாவடியில் காட்ட ஆதார் அட்டை கையில் இருக்க வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் யாராவது உங்களுடன் சேர்ந்தால், அவர் சிம்லாவிலோ பியோவிலோ பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தாபோவில் இறங்கி இரண்டு இரவுகள் தங்குங்கள். அங்குள்ள பௌத்த மடம் கி.பி. 996இல் நிறுவப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் மண் நிறத்தில் தாழ்ந்து கிடக்கும் கட்டடம், கோபுரமோ பொன் கூரையோ கிடையாது. உள்ளே போய்க் கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, சுவரிலிருந்து வெளிப்பட்டு நிற்கும் களிமண் உருவங்களும் அவற்றுக்குக் கீழே ஓவியங்களும் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். நம் ஊரின் கருங்கல் கோயில்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஆயிரம் ஆண்டுகளாக மண் இப்படி நிற்க முடியும் என்பதை நம்பச் சற்று நேரம் பிடித்தது. உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை, அந்தக் கட்டுப்பாட்டை மதியுங்கள். மடத்தின் விருந்தினர் விடுதியிலேயே சிக்கனமாகத் தங்கலாம். நிறைந்திருந்தால் ஊருக்குள் வீடுகள் உண்டு.

காசா 47 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஓர் ஓடை ஊரைப் பழைய காசா, புதிய காசா என்று பிரிக்கிறது. கடைத்தெரு பழையதில், அரசு அலுவலகங்கள் புதியதில். இங்கே இரண்டு இரவுகள் தங்கிவிட்டு மேலே போங்கள். அடுத்த ஊரான கிப்பர் 600 மீட்டருக்கும் மேலே உயர்ந்திருப்பதால் அந்தக் கூடுதல் இரவு தேவை. காசாவிலிருந்து கிராமங்களுக்குப் போகும் பேருந்துகள் சுற்றுலாவினருக்காக ஓடுபவை அல்ல, ஊர்மக்கள் காசாவுக்கு வந்து வேலையை முடித்துத் திரும்புவதற்காக ஓடுபவை. ஆகவே கிப்பர் வண்டி மாலைப் பொழுதில் கிளம்பி, இரவு அந்த ஊரிலேயே நின்று, காலையில் காசாவுக்குத் திரும்பும். ‘பின்’ என்ற பெயருடைய பள்ளத்தாக்கின் மூத் கிராமத்துக்குப் போகும் வண்டியும் அப்படியே. காலையில் போய் மாலையில் திரும்ப நினைப்பவர்கள் பேருந்து வசதியே இல்லை என்று சொல்லி முழு நாளுக்குக் கார் அமர்த்துகிறார்கள். ஊரில் தங்க நினைப்பவர்களுக்கு அதே பேருந்து கச்சிதமாகப் பொருந்துகிறது. ஸ்பிட்டியில் செலவு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

மாலை வண்டியில் கிப்பருக்குப் போய் இரண்டு இரவுகள் தங்குங்கள். முதல் நாள் அதிகம் நடக்காமல், 2017இல் திறக்கப்பட்ட சிச்சம் பாலம் வரை மட்டும் மெதுவாகப் போய் வாருங்கள். அந்தப் பாலம் வருவதற்கு முன் ஊர்மக்கள் கம்பிவடத்தில் தொங்கும் கூடையில் உட்கார்ந்துதான் அந்த ஆழமான பிளவைக் கடந்தார்கள். திரும்பும் நாளில் பேருந்தை விட்டுவிட்டு, ‘கீ’ என்ற ஊரின் பௌத்த மடத்துக்கு இறங்கி நடக்கலாம். முழுவதும் இறக்கம் என்பதால் இரண்டு மணி நேரம் போதும். லங்ஸா, ஹிக்கிம், கோமிக் ஆகிய மூன்று ஊர்களுக்கு மட்டும் காரை அமர்த்திக்கொள்ளுங்கள். காசா வாடகைக் கார் சங்கத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் கட்டணம் வரையறுக்கப்பட்டிருக்கும், பேரம் தேவையில்லை. வேறு பயணிகள் இருவரைச் சேர்த்துக்கொண்டால் பாதிதான் ஆகும். சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஹிக்கிம் அஞ்சலகத்திலிருந்து உங்கள் மாணவர்களுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்ப மறக்காதீர்கள். லங்ஸாவில் பிள்ளைகள் கடல்வாழ் உயிரினங்களின் கல்லுருவங்களை விற்க வருவார்கள். இமயம் எழும்புவதற்கு முன் அங்கே இருந்த டெத்திஸ் கடலின் எச்சங்கள் அவை. கையில் வாங்கிப் பாருங்கள், விலைக்கு வாங்காதீர்கள். வாங்க ஆளிருக்கும் வரை அந்தச் சரிவுகளைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள்.

கிராமத்து வீடுகளில் தங்குவது எப்படி இருக்கும் என்பது தெரிந்தால் தயக்கம் இருக்காது. கனத்த மண் சுவர், தட்டையான கூரை, கூரையின் விளிம்பில் குளிர்காலத்துக்காக அடுக்கிய விறகும் சுள்ளியும். வீட்டில் கதகதப்பான இடம் அடுக்களைதான். நடுவில் இரும்பு அடுப்பு ஒன்று நிற்கும், தந்தூர் என்பார்கள். அதிலிருந்து ஒரு தகரக் குழாய் நேராகக் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். விறகையும் காய்ந்த சாணத்தையும் போட்டு எரிப்பார்கள், மேலே எப்போதும் ஒரு கெண்டி கொதித்துக்கொண்டிருக்கும். சுவரோரமாக விரித்த கம்பளங்களில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் தாழ்ந்த மரப்பலகையில் வைத்துச் சாப்பிட வேண்டும். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, துக்பா என்னும் மாவுப்பட்டைக் கஞ்சி எல்லாம் கிடைக்கும், சைவம் என்றால் சிரமமே இல்லை. உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர் முதலில் புரியாது. அது காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், போதுமென்றால் கோப்பையை நிறைந்தபடியே வைத்துவிடுங்கள். நம் ஊர்த் தேநீர் வேண்டுமென்றால் ‘மீட்டி சாய்’ என்று கேட்க வேண்டும். மகளுக்கு இந்தி கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும், ‘ஜூலே’ என்ற வணக்கச் சொல் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

கழிப்பறையைப் பற்றிப் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள், நான் சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகளில் அது உலர் கழிப்பறை. மாடியில் ஒரு சிற்றறை, தரையில் நீள்சதுர ஓட்டை, மூலையில் குவித்த மண்ணும் சாம்பலும், ஒரு மண்வெட்டி. முடித்ததும் மண்ணைத் தள்ளிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால்தான் நாற்றம் வரும். கீழே சேர்வது வயலுக்கு எருவாகப் போகிறது, ஆகவே நாப்கின், பிளாஸ்டிக் எதையும் அதில் போடாமல் தனிப் பையில் கட்டிக் காசாவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குளிப்பது இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு வாளி வெந்நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீரைக் காய்ச்ச எரியும் விறகு தூரத்திலிருந்து வந்தது.

ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவே கூடாது. புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் போகும் உயரங்களைச் சொல்லிக் கேளுங்கள். அசிட்டசோலமைடு மாத்திரையை உயரத்தால் வரும் உபாதைகளுக்குத் தடுப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும், சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை வந்தால் அன்று மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ இரவென்றும் பாராமல் கீழே இறங்க வேண்டும், அது காத்திருந்து பார்க்கும் நிலை அல்ல. காசாவில் அரசு மருத்துவமனை உண்டு.

செலவுக் கணக்கு இப்படி அமையும். மலையில் 15 நாட்கள் என்று வைத்துக்கொண்டால், தங்கலுக்கும் உணவுக்கும் ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 1,300 ரூபாய் ஒதுக்குங்கள், இருவருக்கும் 39,000 ஆகும். பேருந்துகளுக்கு 6,000, ரயிலுக்கு மேலே சொன்னபடி ஏறத்தாழ 7,000, காருக்கு 3,000 முதல் 4,000 வரை. மீதி சுமார் 4,000 ரூபாயை அவசரத்துக்கென்று தொடாமல் வையுங்கள். பணத்தை ரொக்கமாகவே கொண்டுபோக வேண்டும். காசாவில் ஏ.டி.எம். இருந்தாலும் அதில் எப்போதும் பணம் இருக்கும் என்று நம்ப முடியாது, மேல் கிராமங்களில் அலைபேசித் தொடர்பு நிலையில்லாததால் கைபேசி வழியாகப் பணம் செலுத்தவும் வழியிருக்காது. தாபோவுக்கு முன்னால் வரும் கியூ கிராமத்துக்கு முதன்முதலாக அலைபேசித் தொடர்பு வந்ததே 2024 ஏப்ரலில்தான். வீட்டில் இருப்பவர்களிடம் இரண்டு நாட்கள் அழைப்பு வராவிட்டால் பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மே மாத இரவுகளில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லா, இரண்டு இணை கம்பளிக் காலுறைகள் ஆளுக்கு வேண்டும். இவற்றைப் பியோ கடைத்தெருவிலேயே வாங்கலாம்.

திரும்பும் ரயிலுக்கும் மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் இடையே இரண்டு நாட்கள் கட்டாயம் இடைவெளி விடுங்கள். சாலை அடைபட்டால் அந்த நாட்கள் கைகொடுக்கும், அடைபடாவிட்டால் நாக்கோவில் ஓர் இரவும் ராம்பூரில் ஓர் இரவும் தங்கிக்கொள்ளலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே இரண்டாம் வாரம் மதுரையில் ஏறுவதென்றால் மார்ச் இரண்டாம் வாரத்தில் காலை எட்டு மணிக்கே இருவருக்கும் சீட்டு எடுத்துவிடுங்கள், அந்த மாதக் கடைசியில் திரும்பும் சீட்டையும் மறக்காமல் எடுங்கள். தாபோவிலும் கிப்பரிலும் முன்பதிவு தேவையில்லை. மே மாதத்தில் அங்கே இடம் இருக்கும்.